வெள்ளிக்கிழமை சுட்ட ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுத்துக்கூட்டிப் படிக்க நீ சிரமப்படுவாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை வேறு யாரிடமும் வாசிக்கக் கொடுக்காதே.

நேற்று நீதிமன்றத்தில் எழுத்தராக உட்கார்ந்து உன் வாக்குமூலத்தை எழுதியது நான்தான். ஜெர்மானியர்கள் நம் ஊரில் பதினான்கு பேரைச் சுட்ட அன்று, முகமூடியோடு நின்று ஆட்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அதிகாரி உன்னைக் கேட்டார்.

"எனக்கென்னய்யா தெரியும்? கதவைச் சாத்திட்டு ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன்" என்றாய்.

ஏதென்ஸிலிருந்து வந்த அந்த அதிகாரிக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது, தலையாட்டினார். என் பேனா நின்றுவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை தவிர நம் ஊரில் யார் ரொட்டி அடுப்பு மூட்டுகிறார்கள்? அந்தப் பதினான்கு பேரில் புருஷனைப் பறிகொடுத்த அரெதி அத்தை நீதிமன்ற வாசலில் என்னை மறித்தாள்.

"ஏன்டி, உங்கம்மா அடுப்பு மட்டும் ஜெர்மன்காரனைக் கேட்டுக்கிட்டு வெள்ளிக்கிழமையே எரிஞ்சுதா? கிணத்தடியில நின்னு பாத்தவ அவ."

நான் தலை குனிந்து வந்துவிட்டேன்.

முகமூடிக்காரன் காலை இழுத்து நடந்தானாம். மாவு மில் கோஸ்மாவும் அப்படி நடப்பதால் அவரைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். வியாழக்கிழமை தீர்ப்பு. தூக்கு என்கிறார்கள்.

மாமாவும் அப்படித்தான் நடப்பார். என்னைப் படிக்கவைக்க ஆலிவ் தோப்பை விற்றவர். நீ யாருக்காக வாயை மூடிக்கொண்டாய் என்று எனக்குப் புரிகிறது. அதில் நானும் இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்புறம், அம்மா, புதன்கிழமை வந்து பார்த்ததைச் சொல். உன் அண்ணன் பெயரை நானே எழுதுகிறேன்.

உன் மகள்