மாணிக்கம்மாள் சொன்ன தேதி

4 ஜூன் 1984, புதூர்நாடு

குளிக்கும்போது மாரில் கட்டியைப் பார்த்துவிட்டு, ஓரகத்தி ரஞ்சிதம் மாணிக்கம்மாளை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பிள்ளை இல்லை. வலது மார்பு மிருது, சாதாரண நெருடல்தான். இடது பக்கம் மேலே புளியங்கொட்டை அளவில் ஒன்று. வலி இல்லையாம்.

"குடிசைக்குப் போற நாளு வந்தா வீங்கும். போய்ட்டு வந்தா கொறஞ்சிடுங்க" என்றாள் மாணிக்கம்மாள்.

தீட்டு நாளில் ஊருக்கு வெளியே தனிக்குடிசை. கண்ணமங்கலத்துக்காரி எனக்கு, இங்கே நர்ஸாக வந்து நாலு மாதமாகியும் பழகவில்லை. மாதவிலக்கோடு ஏறி இறங்கும் கட்டி பெரும்பாலும் பயமில்லாதது. ஆனால் நான் கேட்கும் முன்னே ஏன் சொன்னாள்? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்.

போய்வந்து நாலு நாள் கழித்து வரச் சொன்னேன்.

14 ஜூன்

வந்தாள். கட்டி அப்படியேதான் இருக்கிறது. கல் மாதிரி, விரலுக்கு நகரவில்லை. கையைத் தூக்கச் சொன்னால் தோல் அந்த இடத்தில் குழிகிறது. கக்கத்திலும் ஒரு உருண்டை. ஒன்றும் நல்லதாகப் படவில்லை.

"கொறஞ்சிதாங்க இருக்குது."

பொய் சொல்வது என் விரலா, இவளா?

15 ஜூன்

விரல் இல்லை.

17 ஜூன்

ரஞ்சிதத்தைத் தனியாகக் கேட்டேன். குரலைத் தாழ்த்தினாள். "மாசாமாசம் குடிசைக்கு வருதுங்க. ஆனா துணி அலசி நான் பாத்ததே இல்ல."

18 ஜூன்

அவள் வீட்டுக்கே போனேன். அழுதாள். தீட்டு நின்று ஒன்றரை வருஷமாம். "தெரிஞ்சா வூட்டுக்காரரு இன்னொருத்தியக் கட்டிக்கும். கட்டியக் காட்டினா நீங்க தேதி கேப்பீங்க. அதான் ஆறு மாசமா மறைச்சேன்."

புருஷன் அர்ச்சுனன் வெளியே கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்ணு பார்த்தே வெச்சிருப்பான், யாரு கண்டா? அவரிடம் கட்டியை மட்டும் சொல்லி, உடனே வேலூர் போகவேண்டும் என்றேன். எத்தனை நாள் ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

2 செப்டம்பர்

வேலூரில் மார்பை எடுத்தாயிற்று. கக்கம் வரைக்கும் பரவியிருந்ததாம்.

இன்று மாத்திரை வாங்க அர்ச்சுனன் வந்தார். அவள் எங்கே என்றேன்.

"குடிசைக்குப் போயிருக்குதுங்க."

மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். அவரே சொன்னார். "நின்னு போனது எனக்குத் தெரியாதாங்க? மூணு நாளு வேல இல்லாம ஒக்காந்திருக்கட்டும்னு வுட்டுட்டேன். சோறு நான்தான் கொண்டுபோய் வெப்பேன்."

மாத்திரைப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"தெரியும்னு அப்பவே சொல்லியிருந்தா, சீக்கிரமா காட்டியிருக்குங்களா?"

காட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றேன். நம்பிவிட்டார்.