என் வயிற்றுக் கட்டியும் உன் வாயும்

இந்த இத்தாலிய ஊரின் போர்கோ வெக்கியோச் சந்தையில் இன்று யாரோ கடலைமா வில்லை பொரித்துக்கொண்டிருந்தார்கள். மணம் மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. ஒப்பரேசனுக்காக என்னைப் பட்டினி போட்டிருந்த அன்று, கட்டிலருகே நின்று அதைப் பாணுக்குள் வைத்துத் தின்றவள் நீ. "மணத்தையாவது பிடி" என்றாய்.

அதற்கு முன், வலது அடிவயிற்று நோவுக்கு மல்லித்தண்ணி குடித்துக்கொண்டே உன்னோடு சீசாப் பகுதி மாடிக் கட்டடங்களில் கூலிக்குப் படிக்கட்டுகள் கழுவினேன். நீதான் இழுத்துக்கொண்டு போய் ஸ்கான் எடுக்கவைத்தாய். அப்பெண்டிக்ஸில் கட்டி. எனக்கு அப்போது இத்தாலியன் பிடிபடாது. டொக்டர் சொன்னதெல்லாம் உன் வழியாகத்தான் எனக்கு வரவேண்டும்.

என் கணவர் உன்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம் அதுதானே. மொழிபெயர்க்கப் போனவர் வீட்டு ஆம்பிளைக்கு உண்மையைச் சொல்லவேண்டும், நோயாளிக்கு ஆறுதலைச் சொல்லவேண்டும்.

"அவளுக்கு வயித்துப்புண் எண்டு சொல்லுங்கோ. முதல்ல சாந்தா ரொசாலியா மலைக்கோயிலுக்கு நேர்த்தி வைப்பம். ஒப்பரேசனைப் பிறகு பாப்பம்."

"நேர்த்தியை வையுங்கோ அண்ணை. வயிறு அவளின்ரை. அவளுக்குத்தான் முதல்ல சொல்லுவன்."

சொன்னாய். அரிதான கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, எடுத்துச் சோதித்தால்தான் உறுதி.

"உள்ளுக்குச் சளி மாதிரி நிறைஞ்சிருக்காம். பால் பை எண்டு நினை. உடைஞ்சா வயிறெல்லாம் பரவும். அதுதான் வெட்டித் திறந்து முழுசா எடுக்கப்போறாங்கள்."

"எனக்குப் பயமாக் கிடக்கடி."

"பயப்பிடு. ஆர் வேண்டாமெண்டது? தெரிஞ்சு பயப்பிடு."

கையெழுத்தை நானே வைத்தேன். கட்டி உடையாமல் வந்தது. சோதனையில் தீங்கற்றது என்றார்கள். கணவர் மலையேறினார், நீயும் முணுமுணுத்துக்கொண்டு கூடவே ஏறினாய்.

ஆனால் நீ ஊருக்கு, மன்னாருக்குப் போய் நோயில் படுத்தபோது, உன் அண்ணன்மார் உனக்கு வெறும் ரத்தக்குறைவு என்று சொல்லியே நீ கண்மூடும்வரை வைத்திருந்தார்கள். "களைப்படி, வேறையொண்டுமில்லை" என்று போனில் சொன்னாய். உண்மையான நோயை எனக்கும் மறைத்துவிட்டார்கள். தெரிந்திருந்தால் நான் உனக்குச் சொல்லியிருப்பேன். அவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை.

உன் இத்தாலியனில் பாதிகூட இன்னும் எனக்கு வராது. இருந்தும் இப்போது ஆஸ்பத்திரிக்கு ஆட்களோடு மொழிபெயர்க்க நான் போகிறேன். நேற்று ஒருவர் என்னை வெளியே கூப்பிட்டு, மனைவிக்குச் சொல்லவேண்டாம் என்று கும்பிட்டார். பாவம், அவருக்கும் பயம்தான்.

"உள்ளுக்கை வாங்கோ தம்பி. அவவுக்கு முன்னாலை கதைப்பம்" என்றேன்.

அவர் அசையவில்லை. நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.