எஞ்சின் கிளம்பாததுக்கு அக்கா கையைச் சொன்னாங்க, மச்சான்

அன்பான மச்சானுக்கு,

உங்க வாயாடி கொழுந்தியா எழுதுறேன். உசிரோட இருந்தப்ப, “உன் தங்கச்சி ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்கிறாளே”ன்னு அக்காகிட்டப் புலம்புவீங்க. இப்பவும் நான்தான் பேசப்போறேன். எந்திரிச்சுப் போகவும் முடியாது, கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல நல்ல சேதி. உச்சவரம்புச் சட்டத்துல மிராசுதார்கிட்டேர்ந்து பிடிச்ச நிலத்தை நம்ம தெருவுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க மச்சான். புது ஆட்சி வந்தா என்ன, பழைய ஆட்சி போனா என்ன, மிராசுதார் வரப்புல நம்ம கால் படாதுன்னு சொன்னவங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. எந்த நிலத்துக்காக அறுப்புத் தகராறுல ஜெயிலுக்குப் போயி, இருமலோட திரும்பி வந்து படுத்தீங்களோ, அந்த நிலம் கைக்கு வந்தப்ப நீங்க இல்ல. எனக்கு அது இன்னும் ஆறவே மாட்டேங்குது.

இப்ப கெட்ட சேதி. மேட்டூரைத் திறந்தும் நம்ம கடைமடைக்குத் தண்ணி எட்டல. வாய்க்கால்ல ஆடு மேயுது. நாத்தங்கால்ல நாத்து வளர்ந்து நுனி வெளுத்துப்போச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல நடலைன்னா மாட்டுக்குத்தான் போடணும். மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளை மன்னார்குடி டீக்கடையில உக்காந்துக்கிட்டு, “கூலிக்கு நட்ட பசங்களுக்கு வெள்ளாமை வைக்கத் தெரியுமா? ஒரு போகம் தரிசாக் கிடக்கட்டும், மனுப் போட்டுத் திரும்ப வாங்கிடுறோம்”னு சொல்றாராம். எப்படி இருந்திருக்கும் எனக்கு? போயி அந்த டீயை அவர் தலையில ஊத்தலாம்னு இருந்துச்சு.

ஆத்துப் பள்ளத்துல தண்ணி தேங்கிக் கிடந்துச்சு. அதை இறைக்க நம்ம தெருவுல இருக்கிறது உங்க எஞ்சின் ஒண்ணுதான். அதுவும் எங்க முழுசா இருந்துச்சு? தகராறு நேரத்துல எஞ்சினை உடைக்க ஆள் வருதுன்னு தெரிஞ்சதும் நீங்கதானே அதைக் கழட்டி வீட்டுக்கு ஒரு சாமானா ஒளிச்சு வச்சீங்க. ஹெட்டு மாணிக்கம் சின்னையா வீட்டு வைக்கப்போர்ல. டீசல் பம்பு எங்க வீட்டு அரிசிப் பானையில. பிஸ்டன் உங்க வீட்டுலயே, நெல்லுக்குள்ள. “சோத்துல என்னடி டீசல் வாடை?”ன்னு எங்க வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டது இன்னும் எனக்கு மறக்கல.

அதை மறுபடி பூட்டணும்னு மன்னார்குடி மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். “மிராசுதார் வீட்டு டிராக்டர் வேலையும் எனக்கு வேணுமில்ல, கோவிச்சுக்காதீங்க”ன்னுட்டார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. எங்க வீட்டுக்காரர் உங்ககூட ஸ்பேனர் பிடிச்சுப் பழகினவருதானே, துணிஞ்சு இறங்கிட்டார். பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்கு எல்லாம் தேஞ்சுபோயி இருந்துச்சு, புது ரிங்கு வாங்கிட்டு வந்தார். அக்கா, “ரிங்கை நான் மாட்டுறேன், அவங்க மாட்டும்போது பக்கத்துல இருந்து எத்தனை தடவை பார்த்திருக்கேன்”னா. கண்ணாடி வளையல் போடுற மாதிரி ஒண்ணும் உடையாம மாட்டிக் கொண்டாந்து கொடுத்தா.

எஞ்சினைப் பூட்டிக் கல்லு மேல ஏத்தி, பூவைப் போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வச்சாச்சு. தெருவே ஆத்தங்கரையில நிக்குது. எங்க வீட்டுக்காரர் ஹேண்டிலைப் போட்டுச் சுத்துறார், சுத்துறார், ஒரு தும்மல்கூட இல்ல. ஆள் மாத்தி ஆள் சுத்தி, எல்லாருக்கும் தோள்பட்டை இறங்கினதுதான் மிச்சம்.

டீசல் வரலையோன்னு குழாயைக் கழட்டிக் காத்தை வெளிய விட்டார். காத்துக் குமிழி நின்னு டீசல் நல்லாத்தான் வந்துச்சு. டீசலைப் பீச்சுற நாசிலைக் கழட்டிப் பார்த்தா, பனி மாதிரி நல்லாத்தான் பீச்சுது. வால்வுக்கு நடுவுல பிளேடை விட்டு இடைவெளி பார்த்தார், அதுவும் சரி. சைலன்சரைக் கழட்டினா உள்ள குளவிக்கூடு! “அடடா, இதுதாண்டா வியாதி!”ன்னு எல்லாரும் துள்ளினோம். கூட்டை இடிச்சுத் தள்ளிட்டுச் சுத்தினா, எஞ்சின் அப்பவும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கு.

அப்பத்தான் மாணிக்கம் சின்னையா முணுமுணுத்தார். “தாலி அறுத்த கை பட்டா எங்கேர்ந்து கிளம்பும்?”

அக்கா அங்கதான் தண்ணிக் குடத்தோட நின்னா. குடத்தைக் கீழ வச்சுட்டு வீட்டைப் பார்த்து நடந்துட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! “ஏன் சின்னையா, எஞ்சினுக்கு யாரு தாலி கட்டுனா? உங்க வைக்கப்போர்ல கிடந்த ஹெட்டுல எலி குடும்பம் நடத்திச்சே, அந்தத் தீட்டு மட்டும் ஒட்டலையாக்கும்?”னு கேட்டுட்டேன். சின்னையா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். கெட்ட மனுசன் இல்ல அவரு, உங்களோட சேர்ந்து அடி வாங்கினவருதான். நாத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். ஆனா அவர் சொன்னதுக்கு இன்னும் ரெண்டு மூணு பேரு தலையாட்டுனாங்க மச்சான். அதைத்தான் என்னால தாங்க முடியல.

கூட்டம் கலைஞ்சதும் நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும் நின்னோம். அவர் சும்மா ஹேண்டிலைச் சுத்துறார், நான் எஞ்சின் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்கேன். எஞ்சின் ஆயில் ஊத்துற ஓட்டையிலேர்ந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு என் கன்னத்துல காத்து அடிக்குது. “இங்க பாருங்க, இது மூச்சு விடுது”ன்னேன். அவர் கையை வச்சுப் பார்த்தார். பிறகு காத்து இழுக்கிற வழியா உள்ள கொஞ்சம் ஆயிலை ஊத்திட்டுச் சுத்தினார். டப்புன்னு ஒரு சத்தம், ஒரு கை புகை, அவ்வளவுதான், நின்னுபோச்சு.

“ஆயில் இடுக்கை அடைச்சதும் ஒரு தடவை பிடிச்சுச்சுல்ல? அப்ப ரிங்குதான் பிடிக்கல. மேல இருக்க வேண்டிய காத்து கீழ போகுது”ன்னார். சொல்லிட்டு என் முகத்தைப் பார்க்காம ஆத்தைப் பார்த்தார். ரிங்குன்னா யாரு கைன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமே.

ஹெட்டைக் கழட்டிப் பிஸ்டனை வெளிய எடுத்தோம். ரிங்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய் இருக்குமில்ல, வெட்டுவிட்ட இடம்? அத்தனை வாயும் ஒரே கோட்டுல, ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்குது. காத்துக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்த மாதிரி. “நான்தான் தப்பா மாட்டிட்டேன்னு சொல்லிடுறேன், அக்கா பேரு வேண்டாம்”னார் எங்க வீட்டுக்காரர். அந்த நிமிசம் அவர் மேல எனக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்னைக்குக்கூட வரல மச்சான்.

அக்காகிட்டப் போயிக் கேட்டேன். அவ வெகுளியாச் சொல்றா: “கிழக்கே பார்த்து வச்சேண்டி. விதை போடுறதும் உலை வைக்கிறதும் கிழக்கே பார்த்துத்தானே? நல்ல காரியமாச்சேன்னு ஒண்ணு விடாம எல்லா வாயையும் கிழக்கே திருப்பி வச்சுத்தான் கொடுத்தேன்.”

சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல எனக்கு. ஒவ்வொரு வாயும் வெவ்வேற பக்கம் பார்த்திருந்தாத்தான் காத்து தப்பாதுன்னு விளக்கிச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் பழியை ஏத்துக்கப் போறதையும் சொன்னேன். அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு விறுவிறுன்னு ஆத்தங்கரைக்கு நடந்தா, நான் பின்னாலயே ஓடினேன்.

எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கோம்னு கேள்விப்பட்டு ஆளுங்க மறுபடி கூடியிருந்தாங்க. எல்லார் முன்னாலயும் அக்கா சொன்னா: “சின்னையா, தப்பு என் கையாலதான் நடந்துச்சு. ரிங்கு வாயை ஒரே பக்கம் வச்சுட்டேன். அவரு உசிரோட இருந்து, நான் பூவும் பொட்டுமா மாட்டியிருந்தாலும் இப்படித்தான் மாட்டியிருப்பேன். எனக்குத் தெரியல, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க, தாலியை எதுக்கு இழுக்குறீங்க?”

மச்சான், உங்க பொண்டாட்டி சத்தமாப் பேசி நீங்க பார்த்திருக்கீங்களா? கூடப் பிறந்த நானே அன்னைக்குத்தான் பார்த்தேன்.

அங்கேயே உக்காந்து ரிங்கைக் கழட்டி, ஒண்ணு கிழக்கே, ஒண்ணு தெற்கேன்னு தனித்தனியாத் திருப்பி மாட்டினா. எங்க வீட்டுக்காரர் பூட்டி முடிச்சார். ஹேண்டிலை எடுத்து யார் கையில கொடுக்கிறதுன்னு அவர் பார்க்குறதுக்குள்ள மாணிக்கம் சின்னையா வந்து, “அதை அவகிட்டக் கொடு”ன்னார். மன்னிப்பெல்லாம் கேக்கல. ஆனா தலைத்துண்டை அவுத்து அக்கா கை வழுக்காம இருக்க ஹேண்டில்ல சுத்திவிட்டார்.

அக்கா ரெண்டு கையாலயும் பிடிச்சுச் சுத்தினா. சுத்து வேகம் எடுத்ததும் எங்க வீட்டுக்காரர் ஹெட்டு மேல இருக்கிற லிவரைத் தட்டிவிட்டார். டப்... டப்... டபடபடபன்னு பிடிச்சுக்கிச்சு! குழாய் கொஞ்சம் செருமி, சேத்துத் தண்ணியாக் கக்கி, பிறகு தெளிஞ்ச தண்ணி குபுகுபுன்னு வந்து விழுந்துச்சு. எல்லாரும் தண்ணி பின்னாடியே வயலைப் பார்த்து ஓடினாங்க, சின்னையாதான் முதல் ஆளு.

அக்கா எஞ்சின்கிட்டயே நின்னா, நான் அவ பக்கத்துல. உங்களுக்குத்தான் தெரியுமே, உங்க பேரை அவ ஒருநாளும் சொன்னதில்ல. ஜெயில்ல மனுப் போட்டு உங்களைப் பார்க்கப் போனப்பக்கூட, “நீ சொல்லுடி”ன்னு என்னை முன்னால தள்ளிவிட்டவ. அன்னைக்கு அந்த டபடப சத்தத்துக்குள்ள நின்னுக்கிட்டு, வாயைத் திறந்து உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மச்சான். கத்திக் கூப்பிட்டா. திரும்பத் திரும்பக் கூப்பிட்டா. எஞ்சின் போட்ட சத்தத்துல வேற யாருக்கும் கேக்கல. பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு.

உங்களுக்குக் கேட்டுச்சா?

நடவு முடிஞ்சிருச்சு. எஞ்சினை இப்ப அக்காதான் ஓட்டுறா. இனிமே எவனும் அவளை அதுகிட்டேர்ந்து தள்ளி நிறுத்த நான் விடமாட்டேன், இது சத்தியம். அது ஓடுற நேரமெல்லாம் அவ கூப்பிடட்டும். ஒருத்தரையும் கிட்ட விடாம நான் வரப்புல காவல் நிக்கிறேன்.

எந்தக் காலத்துக்கும் உங்க கொழுந்தியா,
செல்லம்மா