ஓட்ஸ் போட்ட கீழ்ப்பங்கு

மே 19, செவ்வாய்

காலையில் பனிமூட்டம், பத்து மணிக்குமேல் வெயில். துணி பாதிதான் காய்ந்தது.

கீழ்ப்பங்கு மக்காச்சோளம் மஞ்சள். நேற்று கண்ணில் கோளாறு என்று நினைத்தேன். இன்று குனிந்து பார்த்தேன். அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வரை மஞ்சள். மேல்பங்கு கரும்பச்சை, முழங்காலுக்கு மேல். கீழே ஒரு சாண் குறைவு.

மேல்பங்கு குளிர்காலம் முழுக்க சும்மா கிடந்தது, விதைத்ததும் வழக்கம்போல் யூரியா. கீழே ஓட்ஸ் விதைத்து மண்ணை மூடிவைத்தது நான். அதை மடக்கி உழுதால் தழைச்சத்து சேரும், யூரியாவே வேண்டாம் என்று விவசாயிகள் கூட்டத்தில் கேட்டுவந்து மூத்தாரிடம் அளந்ததும் நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே.

நிலம் இவருக்கும் இவர் அண்ணனுக்கும் பொது. மூத்தார் ஜூன் 7 கோவையிலிருந்து வருகிறார். யூரியா இல்லாமல் கீழும் மேலும் ஒன்றுபோல் இருந்தால் நாங்களே பயிர் வைக்கலாம். இல்லையென்றால் இரண்டு பங்கும் இஞ்சிக் குத்தகைக்கு. பக்கத்து நிலத்தில் இஞ்சிக்கு ஊற்றிய மருந்து வாடை இன்னும் போகவில்லை. நாங்கள் குடிக்கும் கிணறு கீழ்ப்பங்கின் அடியில். இஞ்சிக்கு ஊற்றுவதெல்லாம் அதில்தான் இறங்கும்.

வாங்க: தீப்பெட்டி, பூண்டு, இவருக்கு இடுப்புத் தைலம்.

மே 21, வியாழன்

தூறல். ஓவேலி ரோட்டில் யானையாம், பஸ் தாமதம். இரண்டு செடியை வேரோடு பிடுங்கி வேளாண்மை ஆபீஸ் மேடத்திடம் காட்டினேன். ஓட்ஸை எப்போது மடக்கி உழுதீர்கள் என்றார். அங்கேதான் மாட்டினேன்.

டிராக்டர் முதலில் வந்தது பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள். ஓட்ஸ் நல்ல பச்சை, பூ வருமுன். இவர் உழச் சொன்னார். பயந்தது நான். "ஆண்டவர் மண்ணுக்குள்ள இருக்கற நாளுங்க. இன்னிக்கு இரும்பு வெக்கக்கூடாது" என்று டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் அம்மா வீட்டில் அன்றைக்கு மண்வெட்டியைக்கூடத் தொடமாட்டோம். டிராக்டர் மறுபடி வர இரண்டு வாரம். அதற்குள் ஓட்ஸ் முற்றி வைக்கோல். உழுத கையோடு சோளம் விதைத்தோம்.

மேடம் திட்டவில்லை. "பச்சையா மடக்கியிருந்தா மண்ணுக்குக் குடுத்திருக்குமுங்க. முத்துன தட்டை, தான் மக்கறதுக்கே மண்ணுல இருக்கற தழைச்சத்தை இழுத்துக்கும். மக்கி முடிஞ்சாத்தான் திருப்பித் தரும்." எப்போது என்று கேட்டேன். மழையைப் பொறுத்து. அடுத்தமுறை கொள்ளும் கலந்து விதையுங்கள் என்றார். அடுத்தமுறை! அவசரத்துக்குக் கொஞ்சம் யூரியா தூவலாமாம். அதுதான் முடியாதே.

இவரிடம் எல்லாம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

மே 24, ஞாயிறு

பூசைக்குத் தனியாகப் போனேன். இவருக்கு இடுப்பு வலி, வரவில்லை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. அன்றைக்கு உழுதிருந்தால் பாவமா என்று சாமியாரிடம் கேட்க வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் உடம்பு சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வாசலில் பக்கத்து நிலத்துக்காரி: "ஏனுங்க அக்கா, உங்க சோளத்துக்கு மஞ்சக்காமாலையா?" சிரித்து வைத்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

தூக்கம் இல்லை. நாலாவது நாள்.

ஜூன் 3, புதன்

நல்ல மழை. பால்காரர் வரவில்லை.

புது இலை பச்சை. கீழே இறங்கினால் அட்டை, மேட்டிலிருந்தே பார்த்தேன். பச்சைதான். மக்கி முடிந்துவிட்டது, மண் திருப்பித் தருகிறது. தோத்திரம். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றார். சந்தோஷப்படத் தெரியாத மனிதர்.

ஜூன் 7, ஞாயிறு

மூத்தார் வந்தார். இரண்டு பங்கையும் நடந்து பார்த்தார். கிணற்றோரம் போகக் கிளம்பியவரை, அட்டை கடிக்கும் என்று இவர் தடுத்துவிட்டார். "உரமில்லாமயே இப்படியா?" என்று மூத்தார் இரண்டுமுறை கேட்டார். மேடம் சொன்னதை ஒப்பித்தேன். அங்கேயே போனில் இஞ்சிக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். கோழிக்குழம்பு. நான் இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

விடாத மழை. இவர் புல்லறுக்கக் கிளம்பினார், சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு. புதுச் சாக்கு. முதுகுப் பக்கம் பெரிய எழுத்தில் யூரியா. மேல்பங்குக்கு வாங்கியது இரண்டு மூட்டை. அந்தச் சாக்கு இரண்டும் கோழிக்கூண்டின் மேல் கிடக்கின்றன. இது மூன்றாவது.

"எப்பங்க போட்டீங்க?"

"நீ பூசைக்குப் போயிருந்தப்ப. நீ தூங்காமக் கெடந்ததைப் பாக்க முடியல." அரிவாளை எடுத்துக்கொண்டே, "கெணத்தோரம் மூணு வரிசைக்குத்தான் பத்தல."

குடையோடு இறங்கிப் போனேன். அந்த மூன்று வரிசை இன்னும் மஞ்சள்.

கோபம் வரவில்லை. எனக்காகத்தான் செய்தார். பயம்தான், முன்னைவிட அதிகம்.

மதியம் மூத்தார் போன். வரும் குளிர்காலத்துக்கு இரண்டு பங்குக்கும் ஓட்ஸ் விதை சொல்லிவைத்துவிட்டாராம். "இனி நம்ம ஊட்டுக்கு யூரியா மூட்டையே வரக்கூடாது, என்னம்மா?"

சரிங்க என்றேன்.