என்னைக் கேட்காமல் வந்த நோய்

ஸ்தவாங்கர்
3 ஓகஸ்ட் 2024

அன்புள்ள நாயகிக்கு,

நான் நலம். உன் நலத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று சிரிக்காதே. எங்கள் வீட்டில் நான் “ஹலோ” என்றதும் இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். கடிதத்தை மட்டும் தொடமாட்டார். மின்சாரப் பில் என்று நினைத்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

எடியே, பயணத் திட்டம் முடிந்துவிட்டது! செப்டெம்பர் கடைசிக் கிழமை. நான் றெயினில் ஒஸ்லோ வருவேன். அங்கிருந்து உன் காரில் வால்ட்ரெஸ். அங்கே ஒரு தாயும் மகளும் பழைய மாட்டுக் கொட்டிலைத் திருத்திச் சின்ன அளவில் பியர் காய்ச்சுகிறார்களாம். அதோடு மாதக்கணக்கில் புளிக்க வைத்த மீன். பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் உன்னோடு மீன் வெட்டிய எனக்கே அதன் மணத்தை நினைக்க மூக்கைப் பொத்த வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் தின்னத்தான் போகிறேன்.

அடுத்தது அவுர்லாந்து. மலையில் ஒரு நாள் நடை, ஒரு நாள் கயாக். எனக்கு நீந்தத் தெரியாது, மிதவை அங்கி தருவார்களாம். பிறகு வொஸ். பண்ணையில் மலைச்செடிக் கிளைகளைப் போட்டுக் காய்ச்சும் பியர், கூடவே புகையில் வாட்டிய ஆட்டுத்தலை. கண்ணோடும் பல்லோடும் அப்படியே தட்டில் வைப்பார்களாம். தூள் போடாமல் எப்படியடி தின்பது? கறித்தூள் கடதாசியில் ஒரு சரை கட்டிக்கொண்டு வா. கடைசியில் ஹர்டாங்கர் ஆப்பிள் தோட்டங்கள், அப்படியே எங்கள் வீடு.

என் கன்ரீனில் வேலை செய்யும் போலந்துக்காரி கரோலினா ஒரு நாள் கறுப்பு பியர் ஊற்றித் தந்தாள் என்றேனே, கோப்பியும் வறுத்த கச்சான் கடலையும் சேர்ந்த மணம் என்று? அப்படி ஒன்றை ஒரு மேசையில் இருந்து, பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

நீ குடிக்கமாட்டாய், ஆகவே கார் ஓட்டுவதில் பிரச்சினை இல்லை. மலைக்குடில்களை உன் பெயரில் பதிந்துவிடு. வீட்டில் அனுமதியும் எடுத்தாயிற்று. எப்படி என்று கேட்காதே, நேரில் சொல்கிறேன்.

உன்,
யோசெப்பின்


ஒஸ்லோ
18 ஓகஸ்ட் 2024

யோசெப்பினுக்கு,

“அன்புள்ள” என்று எழுதிவிட்டு வெட்டினேன். போனில் என்றால் கத்துவேன். கடிதத்தில் யோசித்துக் கத்தலாம்.

ஒன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை கோயிலில் வசந்தமலர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறையத் தண்ணீர்.

“அக்கா, எல்லாம் கேள்விப்பட்டனான். பயப்பிடாதேங்கோ, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு.”

“என்னத்தைக் கேள்விப்பட்டனீர்?”

“மார்பிலை கட்டியாமே. ஒப்பரேசனுக்கு முதல் ஒரு ஆறுதலுக்கு யோசெப்பின் அக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு திரியப் போறாவாம். ஸ்தவாங்கரிலை இருக்கிற என்ரை தங்கச்சி சொன்னவள்.”

நான் வாயைத் திறக்க முன்னம் ஐயர் என் பெயரையும் நட்சத்திரத்தையும் உரத்துச் சொல்லி அர்ச்சனையைத் தொடங்கிவிட்டார். உங்கள் தேவாலயத்திலும் எனக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்களாம். எந்தக் கடவுளும் என்னைக் கைவிடவில்லை, நீதான் கைவிட்டாய்!

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வேலையிடத்தில் கிருசாந்தி என்னைக் கேட்காமலே நான் மருந்து கொண்டுபோகும் வயோதிபர் வீடுகளில் மாடிப்படி உள்ளவற்றைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டாள். எங்கள் மேலாளர் எமிலி கதவைச் சாத்திவிட்டு, நோய் விடுப்பு வேண்டுமா என்று மெல்லிய குரலில் கேட்டாள். அதற்கு நான் சிரித்தேன். அதையும் அவள் தைரியம் என்று நினைத்துத் தோளைத் தடவினாள்.

பிறகு வினோஜா. என் பிள்ளை. த்ரொம்ஸோவிலிருந்து விமானம் ஏறி, ஒரு பையோடு வந்து கதவடியில் நின்றாள். “ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னட்டை ஏனம்மா சொல்லேல்லை?” ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவள் இன்னும் அழுதாள். மறைக்கிறேன் என்று நினைத்தாள். இல்லாத நோயை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? சொல், நீதானே கெட்டிக்காரி!

உனக்கு ஊர் சுற்ற ஒரு காரணம் வேண்டுமென்றால் உன் முழங்காலைச் சொல்லியிருக்கலாம். உன் கொலஸ்ட்ரோலைச் சொல்லியிருக்கலாம். என் மார்புதான் கிடைத்ததா?

இன்னொன்று. நான் குடிக்கமாட்டேன் என்று யார் உனக்குச் சொன்னது? எப்போதாவது கேட்டாயா? ஒரு கிளாஸ் குடித்தாலே கார்ச் சாவியைத் தொட முடியாத நாடு இது. வழி முழுக்க நீ குடிப்பாய், நான் ஓட்ட வேண்டும். பிறகு ஸ்தவாங்கரிலிருந்து தனியாகத் திரும்பவும் நானே ஓட்ட வேண்டும். கிழமை முழுக்க வீடு வீடாகக் கார் ஓட்டி மருந்து கொடுக்கிறவள் நான். லீவிலும் எனக்கு அதே வேலையா?

எல்லாரிடமும் உண்மையைச் சொல். முதலில் உன் மனிசன் அருளப்பு அண்ணரிடம் சொல்.

ஒரு நோயுமில்லாத,
சிவநாயகி


ஸ்தவாங்கர்
26 ஓகஸ்ட் 2024

அன்புள்ள நாயகி,

நீ வெட்டினாலும் நான் வெட்டமாட்டேன். வினோஜா கதவடியில் நின்றதை வாசித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். பிள்ளை வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

இப்போது என்னையும் கொஞ்சம் கத்த விடு.

ஒவ்வொரு கோடையிலும் இவர் சிநேகிதர்களோடு மீன் பிடிக்கப் போவார். கார் நிறையப் பெட்டிகள், அதில் ஒன்றில்கூடத் தூண்டில் கிடையாது. வாசலில் நின்று “நான் போட்டு வாறன்” என்பார். அவ்வளவுதான். எங்கே, எதற்கு, சனம் என்ன சொல்லும், ஒரு கேள்வி கிடையாது. கல்யாண வீடுகளில் இந்த ஆண்கள் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் நின்று குடிப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். பார்க்காத மாதிரி நாம் உள்ளே இருந்து வடை தின்போம்.

நான் ஜூன் மாதம் முறையாகத்தான் கேட்டேன். நாயகியோடு ஒரு கிழமை மலைப்பக்கம் போய்வருகிறேன் என்றேன். “மலை இஞ்சையும் இருக்குத்தானே” என்றார். இரண்டு பெண்கள் தனியாக ஊர் சுற்றினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அப்போது என் வாயில் வந்துவிட்டது: “அவளுக்குச் சுகமில்லை.” உடனே தொலைக்காட்சியை நிறுத்தினார். “ஐயோ பாவம், போட்டு வா” என்றார்.

பார்த்தாயா? சந்தோசத்துக்குப் போக விடாத மனிசன், துக்கம் என்றதும் காசும் தந்து அனுப்புகிறார். அந்த நேரம் எனக்கு வந்த கோபம் உன் கோபத்துக்குக் குறைந்ததில்லை. பிறகு இவருடைய தங்கை என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். அது வளர்ந்துவிட்டது.

உனக்கென்ன, உன் வீட்டில் கேட்க ஆளில்லை. உண்மை பேசுவது உனக்குச் சுலபம். பயணம் மட்டும் முடியட்டும், பிறகு மருந்தில் சுகமாகிவிட்டது என்று நானே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்,
யோசெப்பின்


ஒஸ்லோ
31 ஓகஸ்ட் 2024

யோசெப்பின்,

என் வீட்டில் கேட்க ஆளில்லை. உண்மைதான். கட்டிய அந்த ஆளை விட்டு நான் வெளியேறிய அன்று, பாட்ஸ்பியோர்ட் கப்பல்துறை வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் நடந்து வந்தவள் நீ. அப்போது தொழிற்சாலையில் இருந்த சனம் என்னைப் பற்றி என்னென்ன கதைத்தது என்று உனக்குத் தெரியும். சுலபமாக இருந்ததா? எனக்கு நினைவில்லை, நீ சொல்.

அருளப்பு அண்ணர் உன்னைக் கேள்வி கேட்பது அநியாயம். அதில் நான் உன் பக்கம். ஆனால் அவர் செய்யும் அநியாயத்துக்கு என் உடம்பை ஏன் கட்டணமாகக் கொடுத்தாய்? அவர் உன்னைக் கேட்காமல் தீர்மானிக்கிறார் என்று அழுகிறாய். நீ என்னைக் கேட்டாயா? சாரதி என்றாய், நோயாளி என்றாய், இப்போது சுகமாகிவிடு என்கிறாய். இவற்றில் ஒன்றையாவது என்னிடம் கேட்டாயா?

வினோஜா இன்னும் தினமும் இரண்டு தடவை அழைக்கிறாள். என் குரலில் களைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

மலைக்குடில்களை ரத்துச் செய்துவிட்டேன். இனி எழுதாதே.

சிவநாயகி


ஸ்தவாங்கர்
9 செப்டெம்பர் 2024

நாயகி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வாசிக்காவிட்டால் போ.

சனிக்கிழமை பூமணி மகனின் கல்யாண வீடு. சாப்பாட்டுக்கு முன்னம் பூமணி மைக்கை வாங்கி, “ஒஸ்லோவிலை வருத்தமாய் இருக்கிற எங்கடை சிவநாயகி அக்காவுக்காக எல்லாரும் எழும்பிப் பிரார்த்திப்பம்” என்றாள். மண்டபம் முழுக்க எழுந்து தலை குனிந்தது. மணவறையில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் கூட எழும்பினார்கள். செத்தவர்களுக்கு நிற்பது போல நின்றார்கள், நாயகி. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இவரைத் தேடினேன். இவர் மண்டபத்தில் இல்லை. மாப்பிள்ளையைத் தவிர ஓர் ஆணும் இல்லை.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். டிக்கி திறந்திருந்தது. என்னைக் கண்டதும் எல்லாரும் கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். இவர், “ஏனப்பா மழைக்குள்ளை வந்தனீ?” என்றார். நான் இவருடைய கையை முன்னால் இழுத்து, கப்பைப் பறித்து, ஒரே இழுவையில் குடித்தேன்.

“இந்த இளஞ்சூட்டுப் பியரையோ இவ்வளவு காலமும் ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சனீங்கள்?” என்று கேட்டேன். “சிவநாயகிக்கு ஒரு வருத்தமுமில்லை. நான்தான் பொய் சொன்னனான். நான் பியர் குடிக்கத்தான் போறன். மேசையிலை இருந்து, குளிராய்.”

இவருடைய சிநேகிதர் சோதிலிங்கம் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். இவர் டிக்கியைச் சாத்தினார். நான் உள்ளே போய்ப் பூமணியிடம் மைக்கை வாங்கி அங்கும் சொன்னேன். பூமணி என்னோடு கதைப்பதில்லை. இவருடைய தங்கையும் கதைப்பதில்லை. வினோஜாவை அழைத்து, நான் சொன்ன பொய்யைச் சொல்லி அழுதேன். பிள்ளை என்னை அழ விட்டாள். பிறகு, “அம்மாவுக்கு உண்மையா ஒண்டுமில்லைத்தானே?” என்று மட்டும் கேட்டாள்.

இவர் வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியைப் போட்டார். நேற்றுத்தான், “நீ பியர் குடிப்பாய் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்றார். “நீங்கள் கேட்டனீங்களோ?” என்றேன். உன்னிடம் படித்த கேள்வி. இவர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. நானும் இனிக் கேட்கப் போவதில்லை. லீவு போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கரோலினா தன் காரை எனக்கு ஓட்டத் தருகிறாள். சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்த நாளிலிருந்து இவர்தான் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். சுற்றுவட்டங்களில் இன்னும் பயமாக இருக்கிறது. நீ வரமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் பழகுகிறேன்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
யோசெப்பின்


ஒஸ்லோ
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள யோசெப்பின்,

வெட்டாமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். அதற்காக என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. அது காரில் நம்மோடு வரும். வால்ட்ரெஸ் வரைக்குமாவது வரும்.

குடில்களை ரத்துச் செய்யவில்லை. பொய்தான் எழுதினேன். ஆனால் என் பெயரில் இருந்த என் குடில்களைப் பற்றித்தான் பொய் சொன்னேன். உன் உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒரு நாள் நீ ஓட்ட வேண்டும், நான் குடிப்பேன். அடுத்த நாள் நான் ஓட்டுவேன், நீ குடி. ஆட்டுத்தலை நாளில் நான்தான் குடிப்பேன். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா தின்ன என்னால் முடியாது. கறித்தூள் சரை கட்டி வைத்துவிட்டேன். முடிவில் நான் தனியாகத் திரும்பமாட்டேன், நீயும் ஒஸ்லோவரை வந்து பாதித் தூரம் ஓட்டிவிட்டு றெயினில் போ. சுற்றுவட்டம் வந்தால் நான் சொல்லித் தருகிறேன். கத்தித்தான் சொல்லித் தருவேன்.

இனி ஒரு விசயம். வெள்ளிக்கிழமை கோயிலில் வசந்தமலர் எனக்குப் பாவற்காய்ச் சூப் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கிழமையும் கொண்டுவருகிறாள். நல்லவள், ஆனால் அந்தச் சூப்பைக் குடித்தால் மற்ற மார்பிலும் கட்டி வரும். எல்லார் முன்னாலும் சொன்னேன்: எனக்கு ஒரு நோயும் இல்லை, நானும் யோசெப்பினும் பியர் குடிக்கவும் மலை ஏறவும் போகிறோம், அதற்கு ஒருவருடைய அர்ச்சனையும் தேவையில்லை. ஐயர் மணியைக் கொஞ்சம் பலமாக ஆட்டினார். வசந்தமலர் சூப்புப் போத்தலை இறுக்கி மூடினாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். செருப்புப் போடும் இடத்துக்கு என் பின்னால் வந்து, மெல்லக் கேட்டாள்:

“அக்கா, பின் சீற்றிலை இடம் இருக்கோ?”

எனக்கு ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. யோசெப்பினைக் கேட்க வேண்டும் என்றேன். இது உன்னுடைய பயணமும்தான். உன் பெயரில் ஒரு சொல் சொல்வதற்கு முன்னம் உன்னைக் கேட்க வேண்டும். அப்படித்தான் கேட்பது, கண்டாயா?

வசந்தமலர் வரட்டோ? ஓமோ இல்லையோ, எழுது.

உன் நோயாளி,
நாயகி