அபலோனும் அம்மாவின் அதட்டலும்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட ஒரு படி கூடுதல் நலம், அந்தக் கூடுதலைச் சொல்லத்தான் கையில் பூண்டு வாடை போகாமலே சமையலறை மேசையில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாயே, அவசரப்படாதே. இதைப் படித்துவிட்டு முடிவு செய்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு ஒற்றைச் சொல்லாகத்தான் வருகிறது என்பது உனக்குத் தெரியும். தண்ணி, வேணாம், ஜன்னல், அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், அவங்களைப் பேச விடுங்க சார், எல்லாத்தையும் நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுறீங்க என்பாள். நான்தான் பொறுமை இல்லாதவன் ஆயிற்றே. விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று டாக்டர் சொல்லியும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அதில் நோயின் பங்கு எவ்வளவு, என் கைப்பக்குவத்தின் பங்கு எவ்வளவு என்று நான் ஆராயப் போகவில்லை.

இப்படி இருக்கையில் நேற்றுக் காலை கீழ்வீட்டுக்காரர், கடலில் முக்குளித்துச் சிப்பி எடுப்பவர், வாளியோடு படியேறி வந்தார். உள்ளே இரண்டு அபலோன், சிப்பி மாதிரி ஓடு உள்ள கடல் நத்தை. உள்ளங்கை அகலம், மேலே கரடுமுரடான ஒற்றை ஓடு, கீழே பாறையைப் பிடித்துக்கொள்ளும் சதை உயிரோடு சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு வாய்க்கு ருசியா ஏதாவது குடுங்கண்ணே என்றார். பக்குவத்தையும் சொன்னார்: கறுப்புப் படலம் போகப் பிரஷ்ஷால தேய்க்கணும், ஓட்டுக்கும் சதைக்கும் நடுவுல கரண்டியை விட்டு நெம்பணும், குடலையும் கெட்டியா இருக்கிற வாயையும் வெட்டி எறியணும், மெல்லிசா சீவி, லேசாத் தட்டி, காஞ்ச சட்டியில போட்டுப் புரட்டி உடனே எடுத்துடணும், அசந்தீங்கன்னா செருப்புத் தோல்தான் என்றார். நான் தலையை ஆட்டினேன். அம்மா சக்கர நாற்காலியிலிருந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேய்த்தேன், நெம்பினேன், கரண்டி வழுக்கிச் சிப்பி பாத்திரத் தொட்டியில் விழுந்தது, எடுத்தால் ஓட்டை இறுக்கிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒருவழியாகச் சதை சளக்கென்று கழன்றபோது ஓட்டின் உட்புறம் பச்சையும் நீலமுமாக மின்னியது. கழுவி அம்மாவின் மடியில் வைத்தேன், இடது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். வெண்ணெய் உருகியதும் பூண்டோடு துண்டுகளைப் போட்டேன். நோயாளிக்காயிற்றே, வேகாமல் வயிற்றைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து மூடி போட்டு நன்றாக வேகவிட்டேன். மென்றேன், மென்றேன், தாடைதான் தேய்ந்தது. அம்மா தட்டோரத்தில் துப்பிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது நமக்கு ஆகிற காரியமில்லை என்று மற்றதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினால், அவள் சக்கரத்தை உருட்டி வந்து வாளியின் பிடியைப் பற்றிக்கொண்டாள்.

இரண்டாவதற்கு அவள் அடுப்பருகிலேயே இருந்தாள். போட்டேன், புரட்டினேன், பாழாய்ப்போன கை மூடியைத் தேடியது. அம்மாவின் உதடு கோணியது, எதையோ சொல்லத் தேடினாள். நான் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டேன். பூண்டு சிவக்கிறது, சிப்பியின் ஓரம் சுருள்கிறது, நான் பேசாமல் நிற்கிறேன். அப்போது வந்தது: போதும் எடுங்க, மனுஷன் திங்க வேணாமா! முழுசாக, அதட்டலாக, பழைய குரலில். சட்டியை இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிப்பியா? வெண்ணெயும் கடலும் கலந்த ஒரு தித்திப்பு, பல் பட்டதும் இணங்கிக் கொடுத்தது. அவள் தட்டைக் காலி செய்துவிட்டு என் பங்கிலும் கை வைத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், இன்று காலை மறுபடி ஒற்றைச் சொல்தான். ஆனால் பயிற்சிப் பெண், ஒரு தடவை வந்துடுச்சுல்ல சார், இனிமே மெதுவா வரும் என்றாள். நீ வேலையை விடப்போவதை அம்மாவிடம் சொன்னேன். வேணாம் என்றாள். அதற்கு ஒற்றைச் சொல்லே போதுமே. லீவு கிடைக்கும்போது வா, கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி வைக்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மாவே பேசுவாளாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: நடுவில் பேச்சு நின்றால் லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்தாதே. சத்தமே இல்லாவிட்டாலும் அம்மா அங்கேதான் இருப்பாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா