வாத்தியார் குடிக்கும் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு, இதை யாரிடமும் காட்டாதே, உன் அறைத்தோழியிடம்கூட, படித்ததும் கிழித்துப் போடு. நீ அங்கே நன்றாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று போன வாரம் அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், அது பொய். படிக்கும்போது எதிரே உட்கார்ந்து முறைக்கிறான் என்று நீ வாத்தியார் எனப் பேர் வைத்தாயே, நம் நாய், அவனுக்கு உடம்பு சரியில்லை. நீ அழுவாய் என்று அம்மா எழுத விடவில்லை.

இரண்டு மாதமாக வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறான். அடக்க முடியாமல் கூடத்திலேயே போய்விடுகிறான், போய்விட்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். வயிறு பானை மாதிரி தொங்குகிறது, முதுகில் முடி கொட்டித் தோல் தெரிகிறது. தினமும் விடியுமுன் அம்மா தரை துடைக்கிறாள். முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "உங்க வாத்தியாருக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துடுங்கப்பா" என்று சிரிப்பாள், இப்போது சிரிப்பதில்லை. கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடவில்லை, பன்னிரண்டு வயதாகிவிட்டது அல்லவா என்றார். வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அம்மா என் தலையைத் தடவி, "எங்க வீட்ல மாத்திரை சாப்பிடறது இவ ஒருத்திதான் டாக்டர்" என்றாள். 

அக்கா, அந்த மாத்திரையைத்தான் அவனுக்குக் கொடுத்துவந்தேன். மூச்சு இழுப்புக்கு அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் என் முகம் ஊதிவிட்டது. வகுப்பில் நுழைந்தாலே, "பன் மூஞ்சி வந்துட்டா, ரெண்டு பேர் இடம் விடுங்கடி" என்பார்கள். அம்மா நான் விழுங்கும்வரை பார்ப்பாள், நாக்கின் அடியில் ஒதுக்கிவைத்து, அவள் திரும்பியதும் ரொட்டித் துண்டுக்குள் அமுக்கி மேசைக்கடியில் நீட்டுவேன். மெல்லாமல் விழுங்கிவிடுவான். நாயை அது ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். என் முகம் வற்றியது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் பெருமை பேசினாள். இரவில் இழுக்கும்போது சத்தம் கேட்காமலிருக்கத் தலையணையில் வாயைப் புதைத்துக்கொள்கிறேன். எனக்கு நன்றாக வேண்டும்.

டாக்டர் கேட்ட அன்றே பயந்து நிறுத்திவிட்டேன், நிறுத்தினால் சரியாகிவிடுவான் என்று. மூன்று நாளாக எழுந்திருக்கவே இல்லை, வாந்தி எடுக்கிறான். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று எனக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் அம்மாவிடம் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போதும் நான் ரொட்டி கொண்டுபோனால் எனக்காக வாயைத் திறக்கிறான், அக்கா. சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்டா, இனிமே உன்னைப் படுத்தல" என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். நாளைக் காலை ஊசி போட வருகிறார், அந்தக் கடைசி ஊசி.

நீ அப்பாவிடம் பேசினால் அடி விழாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னைக் கூப்பிடலாமென்றால் போன் அப்பா தலைமாட்டில் இருக்கிறது. கடிதம் வந்து சேர ஐந்து நாளாகும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நான்தான் சொல்ல வேண்டும், விடிந்தால் வாய் வராது. எப்படித் தொடங்குவது என்று எழுதிப் பார்க்கிறேன். அப்பா, ஊசி வேண்டாம்ப்பா. அவனுக்கு வயசானதால இல்ல. டாக்டர் மருந்து பத்திக் கேட்டாரே, அப்ப நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதா